நீ வைத்த சக்கரமும் பாக்கியத்தின் குழாயும்

மகனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதை நித்யா போனில் சொன்னாள், ஆகவே அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. போஸ்ட் கார்டிலேயே எழுதியிருப்பேன், போகிற வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும் என்று. இடம் போதாது. என் கோபத்துக்கு இந்த முழுத்தாள்களே போதுமா என்று தெரியவில்லை. படித்து முடித்ததும் இதை நித்யாவிடம் கொடு. அடுத்த மாதம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள். நீ எப்படிப்பட்டவன் என்று ஜாதகத்தில் பார்த்ததோடு இதையும் பார்க்கட்டும்.

கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று வந்தது. ஃப்ளாட்டில் எல்லார் வீட்டுக்கும் என்னையே கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். கட்டை நான் பிரிக்கவில்லை. மேலே செருகியிருந்த உன் கம்பெனியின் விளம்பரத் தாளைத்தான் முதலில் பார்த்தேன். பளபளவென்ற தாள், அதில் நம் கட்டடத்தின் படம். படத்துக்குக் கீழே, இந்தக் குடியிருப்பில் ஊழியர் ஒருவர் நடத்திவந்த தண்ணீர்த் திருட்டை எங்கள் கருவி கையும் களவுமாகப் பிடித்தது என்று அச்சடித்திருக்கிறாய். நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன், முப்பது வயசுப் பிள்ளை என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும், நித்யாவுக்குத் தெரியாது. ஸ்ரீவராகத்தில் நம் கட்டடத்தில் குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர், மொட்டைமாடி டாங்கிலிருந்து வரும். சமைக்கவும் குடிக்கவும் பைப்புத் தண்ணீர். அது டாங்குக்குப் போகாது, தெருக்குழாயிலிருந்து தனி லைனில் நேரே ஒவ்வொரு அடுக்களைக்கும் வரும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் விடியுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. வந்தால் முதலில் கீழ்த்தளத்தில்தான் வரும். மேலே ஏறுவதற்குள் பாதி நேரம் போய்விடும். உடனே திறந்து பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் அன்றைக்கு இல்லை.

கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில்தான் வாட்ச்மேன் முருகையாவும் அவன் பெண்டாட்டி பாக்கியமும் இருந்தார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்தவர்கள். பாக்கியம் தன் குழாயை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள், கீழே ஒரு குடம். தண்ணீர் வருவதற்கு முன் குழாய் சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஒரு கரண்டியை எடுத்து மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் கணகணவென்று தட்டுவாள். நாலாவது மாடி வரைக்கும் கேட்கும். நாங்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் குழாயைத் திறப்போம். இந்த ஏற்பாடு அவளாகச் செய்ததில்லை, மேல்வீட்டுப் பெண்கள் சொல்லிச் செய்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் வீடு வெள்ளக்காடாகிவிடும் என்று அவர்களுக்குப் பயம். அதனால் அந்தக் காவலை அவள் தலையில் கட்டினார்கள். “பாக்கியம், வெள்ளம் வந்நோ?” என்று, தண்ணீர் வந்ததா என்று, மேலேயிருந்து ஆளாளுக்கு மலையாளத்தில் கேட்பார்கள். “இல்லம்மா, வந்தா தட்டுவேன்லா!” என்று கீழேயிருந்து பதில் வரும். ஒரு நாள்கூட அவள் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் நீ வந்தாய். படிக்கட்டுச் சுவரில் ஈரம் ஊறி, பெயின்ட் உரிந்து, பிளம்பர்கள் கண்ட இடத்திலெல்லாம் உடைத்துப் போட்டும் கசிவு எங்கே என்று தெரியாமல் அசோசியேஷன் தவித்துக்கொண்டிருந்த சமயம். ஒவ்வொரு வீட்டின் இரண்டு லைனிலும், வாட்ச்மேன் அறை லைனிலும் நீ ஒரு கருவி மாட்டினாய். குழாய்க்குள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம், அதில் ஒரு காந்தம். தண்ணீர் ஓடினால் சக்கரம் சுற்றும். சுற்றும்போதெல்லாம் கருவி எண்ணும். அந்த எண்ணிக்கை லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்த பலகையில் வீடு வீடாகத் தெரியும், பெங்களூரில் உனக்கும் வந்துசேரும். எல்லாரும் குழாயை மூடியிருந்தபோது ஒரு சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றியதை வைத்து, இரண்டாம் மாடிக் குளியலறைச் சுவருக்குள் இருந்த கசிவைக் கண்டுபிடித்தாய். உடைத்துப் பார்த்தால் நீ சொன்ன இடத்திலேயே ஓட்டை. அதை நான் மறுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அன்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. செகரட்டரி விஜயன் சாரிடம், என் மகன்தான், என் மகன்தான் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் சித்தியின் கண் ஆபரேஷனுக்காக நான் நாகர்கோவிலுக்குப் போயிருந்தபோதுதான் அந்தக் கூட்டம் நடந்திருக்கிறது. கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ பெங்களூரிலிருந்து போனில், ஸ்பீக்கரில். வாட்ச்மேன் அறைக் குழாயில் தினமும் யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் எக்கச்சக்கமாக ஓடுகிறது, கசிவு இல்லை, யாரோ எடுக்கிறார்கள் என்று மலையாளத்தில் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறாய். உடனே ஒருவருக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாயாக்கடை ஞாபகம் வந்துவிட்டது. அங்கேதான் ஊற்றிக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். “நான் யாருக்கும் ஒரு செம்புத் தண்ணி குடுத்ததில்ல சாரே” என்று பாக்கியம் அழுதிருக்கிறாள். அதற்கு நீ, “டேட்டா கள்ளம் பறயில்லா” என்றாயாம். டேட்டா பொய் சொல்லாது. மூன்றாம் மாடி சரோஜா இதை என்னிடம் சொன்னபோது, உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அப்படியே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? கரண்டிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் குடம் நிறைத்த அத்தனை பெண்களும். நாங்கள்தான் அவளைக் குழாயைத் திறந்து வைக்கச் சொன்னோம் என்று ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. சரோஜாவும் திறக்கவில்லை. ஏன்டீ என்று கேட்டால், “எல்லாரும் பேசிட்டிருக்கும்போ நான் மட்டும் எப்படிச் சொல்லுகது அக்கா?” என்கிறாள். இரண்டு நாளில் முருகையாவும் பாக்கியமும் ஓர் ஆட்டோவில் படுக்கையையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்து பாக்கியம் எங்கே என்று கேட்டேன். களவு பிடித்துவிட்டோம் டீச்சரே, மகன்தான் பிடித்துக் கொடுத்தான் என்று எனக்குக் கை கொடுத்துப் பாராட்டினார்கள். உன் கருவி தப்பாகச் சொல்லாது என்று அன்று நானும் நம்பிவிட்டேன்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். கம்பியில் தட்ட ஆளில்லாமல் போனதும் எல்லாரும் அவரவர் குழாயைத் திறந்து வைக்க ஆரம்பித்தார்கள். நானும் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் பலகையில் எல்லார் எண்ணும் குதித்தது. எல்லாவற்றையும்விட முதல் மாடியில் நம் வீட்டு எண். ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துவிட்டு விஜயன் சார் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என்ன சார் என்றேன். “டீச்சறின்ற லைனிலும் கொறச்சு கூடுதல் காணுந்நு. அது மெஷினின்ற குழப்பமா, டீச்சர் விஷமிக்கண்டா” என்றார். நம் லைனில் கொஞ்சம் அதிகமாகக் காட்டுவது மெஷினின் கோளாறாம், நான் வருத்தப்பட வேண்டாமாம். பாக்கியத்தின் குழாயில் ஓடியதும் இதே மாதிரிதான். அவள் குழாயில் ஓடினால் களவு, என் குழாயில் ஓடினால் கோளாறு. ஏன் என்று அவரும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷமே காது சூடாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவரைப் பலகைக்கு முன்னால் நிற்க வைத்தேன். நான் நம் அடுக்களையில் குழாயை முழுக்கத் திறந்து, அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டினேன். காத்திருந்தோம். குழாய் சீற ஆரம்பித்தது. கவர் பூரி மாதிரி உப்பியது. கீழேயிருந்து அவர், “டீச்சரே, ஓடுந்நுண்டு! நல்லோணம் ஓடுந்நுண்டு!” என்று கத்தினார். எண் ஏறுகிறதாம். கவருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. “மேலே வந்து பாருங்க சார்!” என்று நானும் கத்தினேன். வந்து பார்த்தார். காற்று. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது, காற்று நிறைகிறது. மறுபடி தண்ணீர் வரும்போது அத்தனை காற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. மற்ற வீடுகளில் குழாய் மூடியிருந்தால் காற்று எங்கே போகும்? திறந்திருக்கிற ஒரே குழாய்க்குத்தான் போகும். கட்டடத்து லைனில் நிறைந்த காற்று அத்தனையும் பாக்கியத்தின் குழாய் வழியாகப் போனது. உன் சக்கரம் அதையும் தண்ணீர் என்று எண்ணியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் புரிகிற விஷயம்.

விஜயன் சார் உப்பிய கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “பாவம்” என்றார். அப்புறம், “இனி எந்து செய்யானா, டீச்சரே?” என்றார். இனி என்ன செய்வதாம்! ஒருத்தியைத் திருடி என்று துரத்த அரை மணி நேரக் கூட்டம் போதுமாக இருந்தது. அவள் திருடி இல்லை என்றதும் என்ன செய்வது என்று தெரியவில்லை அவருக்கு.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ திடுக்கிடுவாய் என்று நினைத்தேன், ஐயோ அம்மா என்பாய் என்று நினைத்தேன். அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். “காத்துதானேம்மா. எனக்குத் தெரியும்” என்றாய். எப்போது தெரியும் என்றேன். “அவங்க போயி ரெண்டு மூணு வாரத்துலேயே தெரிஞ்சு போச்சு. வேற ஒரு சைட்லயும் அதே மாதிரி வந்துது. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணியாச்சு. ஆள் அனுப்பி அங்கயும் மாத்திருவேன்.” அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்றேன். “எம்மா, புதுசா தொடங்கின கம்பெனி. முதல் சைட்லேயே தப்பாப் போச்சுன்னு சொன்னா யாரும்மா வாங்குவா? அதுவும் போக, நான் யார் பேரையும் சொல்லலியே. லைனைத்தான் சொன்னேன்” என்றாய். அப்புறம் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது.

லைனைத்தான் சொன்னாயாம். அந்த லைனின் முனையில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? காலேஜ் லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பைக்கைத் துடைத்து வைத்தவன் யார்? மஞ்சள் காமாலை வந்து நீ கிடந்தபோது கீழாநெல்லி தேடிப் பறித்து அரைத்துக் கொண்டுவந்தவள் யார்? எண் ஏறியதும் எண்ணை மட்டும் பார்த்தாய். உன் கையில் போன் இருந்தது. “பாக்கியக்கா, குழாய ஏன் தெறந்து வச்சிருக்கீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். தெரியாமல் செய்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். எந்தக் கருவியும் முதலில் தப்பாகக் காட்டும், லேபில் நான் பார்க்காத தப்பா? தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு, அந்தத் தப்பையே படம் போட்டு விளம்பரமாக அச்சடித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நித்யாவோடு குடித்தனம் நடத்தும்போதும் இப்படித்தானா? அவளைக் கண்டபடி பேசிவிட்டு, மறுநாள் அடுத்த வெர்ஷனில் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லப் போகிறாயா?

ஏழாம் வகுப்பில் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. லேபில் ஒரு பூதக்கண்ணாடி காணாமல் போய், கடைசியாகத் தொட்டவன் நீ என்று உன் சயின்ஸ் சார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உன்னைக் கள்ளன் என்றார். அப்புறம் அது அவருடைய மேஜை டிராயரிலேயே இருந்தது. உன்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, போகட்டும் விடு என்று தோளில் தட்டினார். நீ வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாய். அதுதான் சொல்லிவிட்டாரே மக்கா என்று நான் சமாதானம் செய்தேன். “எல்லார் முன்னாலயும் சொன்னாருல்லா? எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லணும்” என்றாய். உன் அப்பா கடைக்கணக்கு எழுதுகிற வேலைக்கு ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷர். அன்று லீவு போட்டார். உன்னைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு வாசலிலேயே நின்றார். சார் வகுப்பைப் பார்த்துச் சொல்லும்வரை அவர் நகரவில்லை. உனக்கு நியாயம் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போது தெரியாத மாதிரி நடிக்காதே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் பாக்கியத்தைத் தேடிப் போனேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வரிசையாக இருக்கிற ஒற்றை அறைகளில் ஒன்றில் இருக்கிறார்கள். முருகையா ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறான். நிமிர முடியாத அந்த முதுகை வைத்துக்கொண்டு. பாக்கியத்துக்கு வேலை இல்லை. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கேட்கப் போயிருக்கிறாள். ஸ்ரீவராகத்து ஃப்ளாட்டிலிருந்து போனவள்தானே என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். எனக்கு உட்காரப் பாய் போட்டாள், ஆனால் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்காதது சரிதான்.

காற்று விஷயத்தைச் சொன்னேன். கவர் உப்பியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்பம் தம்பிக்கும் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். அசோசியேஷனிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன், அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“வேல வேண்டாம் டீச்சரம்மா. நீங்க சொல்லவும் வேண்டாம். நீங்க சொன்னா, டீச்சருக்கு எளகின மனசுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. என்னையக் கள்ளின்னு சொன்னது மெசினு. அத வச்சவருதான் சொல்லணும். அன்னைக்கு எல்லாரும் கேக்கப் போன்ல சொன்னாருல்ல, அது மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லணும். போன்ல இல்ல, நேருல வந்து.”

வாதாடிப் பார்த்தேன். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், மதிப்பு இருந்தும் அவளுக்காக அது இதுவரை என்ன செய்தது என்று கேட்கிற மாதிரி இருந்தது. அவள் சொல்வதுதான் நிஜம். விஜயன் சாருக்குக் காட்டினேனே, என்ன ஆயிற்று? பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றுவரை ஒருவரும் அந்தச் சந்துக்குப் போகவில்லை. கட்டடத்தில் இப்போதும் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் களவு கேஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே நான் பேசப் போவதில்லை. நீதான் பேச வேண்டும். உன் கருவி காற்றை எண்ணியது, பாக்கியம் ஒரு செம்புத் தண்ணீர்கூட எடுக்கவில்லை, இது உனக்குத் தெரிந்தும் மறைத்தாய் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதை விட்டுவிடலாம் என்று பார்க்காதே. மலையாளத்திலேயே சொல், எல்லாருக்கும் புரியட்டும். அந்த விளம்பரத் தாள்களை அச்சகத்தில் எத்தனை கிடந்தாலும் கொளுத்து. கம்பெனி படுத்துவிடும் என்று பயமாக இருக்கிறதா? படுக்கட்டும். உனக்கு மூளை இருக்கிறது, கை கால் இருக்கிறது, வேறொன்று செய்வாய். முருகையாவும் வேறொன்றுதான் செய்துகொண்டிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பொதுக்கூட்டம். பாக்கியத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றாள், ஆனால் நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்குள் கால் வைக்கமாட்டாளாம். வெளியே ரோட்டில் நின்றே கேட்பாளாம். நானும் உள்ளே நாற்காலியில் உட்காரப் போவதில்லை, அவளோடுதான் நிற்பேன். பெங்களூர் பஸ் காலையிலேயே தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். நித்யாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. சாம்பாரும் அவியலும் செய்து வைக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகுதான் இலை போடுவேன்.

அம்மா